மார்க்கர் சொல்ல முதல்

பொஸ்னான், போலந்து
2 மார்ச் 2025

திலக்ஷன்,

உறையின் பின்பக்கத்தில் என் பெயரைக் கண்டும் நீ இதைப் பிரித்திருக்கிறாய் என்றால் பாதி வேலை முடிந்தது. 2014இல் என் ஃபோன் இலக்கத்தைத் தடுத்தாய். அதன் பிறகு நான் மாற்றிய இலக்கங்களையும் ஒன்றுவிடாமல் தடுத்தாய். தபாலைத் தடுக்கும் பொத்தானை இன்னும் எவனும் கண்டுபிடிக்கவில்லை. நீ அதே வீட்டில்தான் இருக்கிறாய் என்று உஷாந்தி அக்கா சொன்னாள். போன மாதம் ஜம்பட்டா வீதியில் உன்னைக் கண்டாளாம். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாயாம். கோபம் என்னோடுதானே, அவளை விட்டுவிடேன்.

"மச்சான்" என்றுதான் முதலில் தொடங்கினேன். பிறகு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

என் கதை உனக்குக் காதில் விழுந்திருக்கும். போட்டிக்கென்று வந்தவன் இங்கேயே படிக்கப் பதிந்தேன். படிப்பு முடிந்து ஒரு களஞ்சியசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். வியாழக்கிழமைகளில் பியர்க் கடை லீக்கில் டார்ட் எறிந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் போலந்துக் குடியுரிமை கிடைத்தது. போன வருடம் ஜனவரியில், தொழிலாக டார்ட் எறிகிறவர்களுக்கான டூர் கார்டும் வென்றேன். அந்தக் கார்ட் உலகத்தில் நூற்றிருபத்தெட்டுப் பேரிடம்தான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குச் செல்லும். இந்த வருட முடிவில் முதல் அறுபத்து நான்கு பேருக்குள் நான் இல்லாவிட்டால் அது போய்விடும். இப்போது ஐம்பத்தெட்டாம் இடத்தில் இருக்கிறேன். சட்டையில் வெள்ளை சிவப்புக் கொடி. பெயரை அறிவிக்கிறவர் "கனகசபாபதி" என்று சொல்ல ஒரு கிழமை முழுக்கப் பழகினார். மேடைக்கு வந்ததும் மூச்சு வாங்கி, "மிஸ்டர் கிஷாந்த்" என்று முடித்துவிட்டார்.

இனி விஷயம். எனக்கு டார்ட்டைக் கையிலிருந்து விட முடியவில்லை. கை முன்னுக்குப் போகிறது, விரல் திறக்க மறுக்கிறது. முதலில் பத்துக்கு ஒன்று, இப்போது பத்துக்கு நான்கு. ஆட்டக்காரர்கள் இந்த வியாதியின் பெயரை வாயால் சொல்லவும் பயப்படுவார்கள். வைத்தியர் நரம்பையெல்லாம் சோதித்துவிட்டு, கை தங்கமான கை என்று அனுப்பிவிட்டார்.

பயிற்சியாளர், "பழைய நாட்களில் எப்படி எறிந்தாய், ஞாபகப்படுத்து" என்கிறார். எனக்கு ஞாபகமில்லை. பார்த்தவன் நீ. உன் வீட்டுப் பின்னறையில் ஆறு வருடம், ஒரு கதிரை வைக்கத்தான் இடம். ஒருவன் எறிய, மற்றவன் போர்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கொப்பியோடு இருப்பான். அங்கிருந்து போர்ட் தெரியாது, எறிகிறவனின் கைதான் தெரியும். எறிந்தவன் தானே எண்ணைச் சொல்லி, தானே டார்ட்டைப் பிடுங்குவான். மற்றவன் நம்பி எழுதுவான். அப்படி என் கையை ஆறு வருடம் பார்த்தவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான்.

அப்போது நான் என்ன செய்தேன்? இப்போது என்ன செய்யவில்லை? அது மட்டும் எழுது. வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.

கிஷாந்த்

*

கொட்டாஞ்சேனை
6 ஏப்ரல் 2025

கிஷாந்துக்கு,

பதினொரு வருடம் கழித்து ஒரு கடிதம். அதிலும் சுகமா என்று ஒரு வார்த்தை இல்லை, கையைப் பற்றிக் கேட்கிறாய். நான் நலம். துறைமுகத்தில் அதே கிளியரிங் வேலை. கல்யாணம் ஆகிவிட்டது, மனைவி பெயர் அனுஷியா. அப்பா 2019இல் போய்ச் சேர்ந்தார். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தில் எல்லாம் இருந்தது. ஃபோர்க்லிஃப்ட் இருந்தது, பியர் இருந்தது, கொடி இருந்தது. அந்தச் சனிக்கிழமை மட்டும் இல்லை. "போட்டிக்கென்று வந்தவன்" என்று இரண்டு சொல்லில் தாண்டிவிட்டாய். எந்தப் போட்டி? யார் வரவேண்டிய போட்டி? நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன்.

கொள்ளுப்பிட்டி கிளப். இறுதி ஆட்டம், நீயும் நானும். வென்றவனுக்குப் போலந்து டிக்கெட். இருவரும் சமம், வெற்றியைத் தீர்க்கும் கடைசி லெக். ஐந்நூற்றொன்றிலிருந்து கழித்துக்கொண்டு வந்ததில் எனக்கு முப்பத்திரண்டு மிச்சம், வெளி வளையத்து டபிள் பதினாறில் ஒரு டார்ட் விழுந்தால் முடிந்தது. எறிந்தேன். "டபிள் சிக்ஸ்டீன்!" என்று கத்திக்கொண்டே போய்ப் பிடுங்கினேன். நம்முடைய பின்னறைப் பழக்கம். போர்ட்டைப் பார்த்து மார்க்கர் எண்ணைச் சொல்வதற்கு முன் பிடுங்கினால் கணக்கில்லை என்பது சட்டம். ஆனால் எதிராளி ஒப்புக்கொண்டால் கொடுக்கலாம் என்பதும் சட்டம்தான். மார்க்கர் ஹஸன் நானாவுக்கு அப்போதே கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. அவர் திரும்பி உன்னிடம்தான் கேட்டார்.

"தம்பி, நீங்க கண்டீங்களா?"

"நான் காணேல்லை நானா."

இவ்வளவுதான் நீ சொன்னது. அடுத்த முறை நீ முடித்தாய். கோப்பையைத் தூக்கினாய். நான் பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு போட்டிக்கும் போகவில்லை. போர்ட் சுவரில்தான் இருக்கிறது, அதன் மேல் அனுஷியா காலண்டர் மாட்டியிருக்கிறாள்.

உன் வைத்தியம் உனக்குக் கிடைக்கட்டும். என்னிடம் மருந்து இல்லை.

திலக்ஷன்

பி.கு: எறிவதற்கு முன் நீ குறி வைத்த எண்ணை வாய்க்குள் சொல்வாய். உதடு அசையும். மூன்று டார்ட்டுக்கும் மூன்று தடவை. இப்போது சொல்வதில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டு எறிகிறாய். உன் ஆட்டங்களை நான் தேடிப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அனுஷியா போட்டாள், நான் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

*

பொஸ்னான்
11 மே 2025

திலக்ஷன்,

அப்பாவின் செய்தி எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பின்னறைக் கதவைத் தட்டி, "எறிஞ்சது போதும், சாப்பிட வாங்கடா" என்று அவர் கூப்பிட்ட சத்தம் இரண்டு நாளாகக் காதில் இருக்கிறது. சுகம் கேட்காமல் எழுதியதற்கு மன்னித்துக்கொள்.

பின்குறிப்பைப் படித்துவிட்டு எழும்பிப் போய்க் கண்ணாடிக்கு முன் நின்று எறிவதுபோல் கையை அசைத்தேன். நீ சொன்னது சரி. உதடு அசையவில்லை. வேண்டுமென்று எண்ணைச் சொல்லிப் பார்த்தேன். இருபது வந்தது, பத்தொன்பது வந்தது. டபிள் பதினாறு வரவில்லை.

நீ தாண்டிவிட்டாய் என்று எழுதியது உண்மை. முதல் கடிதத்தில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, பிறகு எடுத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

நான் கண்டேன்.

நீ எறிந்தபோது உனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றேன். டார்ட் டபிளுக்குள் நின்றதைக் கண்டேன். ஹஸன் நானா என் பக்கம் திரும்பியபோது "ஓம், கண்டனான்" என்று சொல்லத்தான் வாய் திறந்தது. அதற்கிடையில் டிக்கெட் கண்ணுக்குள் வந்தது. அந்த நேரம் வீட்டில் எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. இரண்டு தடவை விசா மறுத்திருந்தார்கள். அதெல்லாம் காரணம் ஆகாது, எனக்குத் தெரியும். உனக்கும் வழி இருக்கவில்லை. நான் பொய் சொன்னேன், அந்தப் பொய்யில் ஏறித்தான் இங்கே வந்தேன். இந்த வீடு, இந்தக் கடவுச்சீட்டு, சட்டையில் இருக்கிற கொடி எல்லாம் உன்னுடைய டார்ட்டில் தொடங்கியவை.

கை எப்போது பழுதானது என்று நீ கேட்கவில்லை. போன செப்டெம்பரில். ஜேர்மனியில் ஒரு போட்டி. எதிராளி ஒரு டச்சுக்காரன். அவனுக்கும் முப்பத்திரண்டு மிச்சம். எறிந்தான், அவசரத்தில் மார்க்கர் சொல்ல முதல் பிடுங்கிவிட்டான். மார்க்கர் என்னைப் பார்த்தார். நான் யோசிக்கவே இல்லை. "விழுந்தது, நான் கண்டேன்" என்றேன். ஆட்டம் போனது. மண்டபத்தில் எல்லோரும் முதுகில் தட்டினார்கள். ஒரு பத்திரிகைக்காரி அதை எழுதியும் போட்டாள், போலந்தின் நேர்மையான ஆட்டக்காரன் என்று. அதைப் படித்து வெட்கத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த கிழமை கோட்டில் நின்றேன், விரல் திறக்கவில்லை.

இதை உனக்குப் பதினொரு வருடத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும். நீ தடுத்த ஒவ்வொரு இலக்கத்திலிருந்தும் இதைச் சொல்லத்தான் எடுத்தேன் என்று எழுத ஆசை. அதுவும் பொய். அப்போதெல்லாம் நான் சமாதானமாகத்தான் போக நினைத்தேன், ஒப்புக்கொள்ள நினைக்கவில்லை.

இப்போது எழுபத்தொன்றாம் இடம். நீ பதில் போடாவிட்டாலும் சரி.

கிஷாந்த்

*

கொட்டாஞ்சேனை
20 ஜூலை 2025

கிஷாந்த்,

உன் கடிதம் ஆறு கிழமையாகச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. அனுஷியா ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றும்போது அதை எடுத்து முன்னால் வைப்பாள். நான் திரும்பப் பின்னால் தள்ளுவேன். இந்தக் கிழமை என்னைப் பார்த்து, "நீங்க எழுதுறீங்களா, இல்ல நான் எழுதட்டுமா?" என்று கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

நீ கண்டது பிழை. அந்த டார்ட் வெளியே.

டபிள் வளையத்தின் வயருக்கு வெளியே, ஒரு நூல் அளவு. கறுப்பில் குத்தியிருந்தது. கத்திக்கொண்டே நடந்தேன் அல்லவா, பாதித் தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் பிடுங்கினேன். பழக்கத்தில் பிடுங்கியதாக எல்லோரும் நினைத்தார்கள், நீயும் நினைத்தாய். பழக்கம் உண்மைதான். ஆனால் அன்றைக்கு என் கை போனது பழக்கத்தில் இல்லை. ஹஸன் நானாவுக்குக் கண் தெரியாது. உன்னிடம்தான் கேட்பார். நான் எண்ணைச் சொன்னால் நீ எழுதுவாய், ஆறு வருடம் அப்படித்தானே. நீ பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும் "ஓம்" என்பாய் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் களவு செய்தேன்.

நீ "காணேல்லை" என்றாய். எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. களவு பிடிபட்ட கோபம் அது. மறுநாளே கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லிவிட்டேன், வெள்ளவத்தைக்காரன் கிஷாந்த் கழுத்தறுத்துவிட்டான் என்று. எல்லோரும் நம்பினார்கள். வெள்ளவத்தைக்காரன் என்றால் எங்கள் பக்கத்தில் எதையும் நம்புவார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்த அப்பா சொன்னார், "தோட்டத்துக்காரன் மகன்னா இப்படித்தான்டா மிதிப்பாங்க." அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவரை உண்மையாகவே மிதித்திருந்தார்கள். அதில் என் பொய்யையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். கடைசிவரை நம்பினார். ஆஸ்பத்திரியில்கூட உன் பெயரைச் சொல்லித் திட்டினார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. அவர் போன பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

நீ வாயை மூடிக்கொண்டு எறிகிறாய் என்று உனக்கு எழுதினேன். எனக்கும் அதே வியாதிதான்.

உன் கடவுச்சீட்டு என் டார்ட்டில் தொடங்கவில்லை. நீ எறிந்து வென்றது.

திலக்ஷன்

அண்ணா, நான் அனுஷியா. உங்கள் மனம் ஆறட்டும் என்று இவர் கதை கட்டுகிறார் என நீங்கள் நினைக்கலாம். இல்லை. கல்யாணமான முதல் மாதமே இதை என்னிடம் சொல்லி அழுதார். எழுதுங்கள் எழுதுங்கள் என்று ஏழு வருடமாகச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. உங்கள் ஆட்டங்களை நான் போடுவதில்லை. இவரேதான் தேடிப் போட்டுப் பார்க்கிறார்.

*

பொஸ்னான்
2 நவம்பர் 2025

திலக்ஷன்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். சமையலறையில் தனியாக நின்று, வயிறு நோகச் சிரித்தேன். பிறகு பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு வருடம்! உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்துக் கொழும்புக்கு வராமலே இருந்தேன். அக்காவின் கல்யாணத்தை ஃபோனில் பார்த்தேன். நீ அங்கே உட்கார்ந்து என்னைக் கள்ளன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். அந்த நேரம் பேனாவை எடுத்திருந்தால் உனக்கு வேறு மாதிரிக் கடிதம் வந்திருக்கும். அதனால் எடுக்கவில்லை. இவ்வளவு தாமதம் அதற்குத்தான்.

ஓகஸ்ட், செப்டெம்பர் இரண்டு மாதமும் கோபத்தோடேயே எறிந்தேன். ஒன்று சொல்லவேண்டும், கோபத்தில் விரல் கொஞ்சம் திறந்தது. உன்னைத் திட்டுவதற்கு வாய் திறக்கவேண்டுமே, அதோடு எண்ணும் சேர்ந்து வந்தது. பத்துக்கு நான்கு என்று சிக்கியது பத்துக்கு ஒன்றாகிவிட்டது.

போன கிழமை கடைசிப் போட்டி. இரண்டாம் சுற்றில் ஆறுக்கு ஐந்தாகத் தோற்றேன். நடுவில் ஒரு லெக் டபிள் பதினாறில் முடித்தேன், வாயால் சொல்லித்தான் எறிந்தேன். ஆனாலும் போதவில்லை. அறுபத்தேழாம் இடம். கார்ட் போய்விட்டது.

தோற்றவன் உடனே வீட்டுக்குப் போக முடியாது, உனக்குத் தெரியாமல் இருக்கலாம். அடுத்த ஆட்டத்துக்கு அவன்தான் மார்க்கராக நிற்கவேண்டும். அதுதான் இங்கே வழக்கம். கார்ட் போன துக்கத்தோடு போர்ட்டுக்குப் பக்கத்தில் நின்று யாரோ இரண்டு பேருக்கு எண் போட்டேன். ஒருவன் எறிந்த டார்ட்டை உள்ளே என்று நினைத்துவிட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால் வெளியே. இரண்டு தடவை அப்படி நடந்தது. வயருக்குக் கிட்ட விழுந்தால் கோட்டில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது திலக்ஷன். தெரிந்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான். கிட்டப் போனவனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு நான் உண்மையாகவே காணவில்லை. ஆனால் கண்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் காணவில்லை என்றேன். ஆகவே என் பொய் பொய்தான், அதைத் தள்ளுபடி செய்யாதே.

கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இந்தக் கிழமை உன் கடிதத்தை மறுபடி படித்து, அப்பாவைப் பற்றி நீ எழுதிய இடத்துக்கு வந்ததும் போய்விட்டது. அதை நீ எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதினாய்.

ஜனவரியில் கார்டுக்கான தெரிவுப் போட்டி மறுபடி இருக்கிறது. ஆயிரம் பேர் வருவார்கள். டிசம்பரில் மூன்று கிழமை அக்கா வீட்டுக்கு வருகிறேன். எனக்குப் பழகுவதற்கு ஒரு போர்ட் வேண்டும். வெள்ளவத்தையிலும் கிடைக்கும், பாமன்கடையிலும் கிடைக்கும். நான் உன்னிடம் கேட்கிறேன்.

கிஷாந்த்

*

கொட்டாஞ்சேனை
23 நவம்பர் 2025

மச்சான்,

காலண்டரைக் கழற்றிவிட்டேன். போர்ட் பரவாயில்லை, இருபது மட்டும் நைந்துபோயிருக்கிறது. அது உன்னால்தான்.

கடிதம் வந்த மறுநாள் கொம்பனித்தெருவுக்குப் போனேன். ஹஸன் நானாவின் பழைய வீட்டை உடைத்து, இப்போது பதினோராம் மாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை, என் பாவத்துக்குப் பதினொரு மாடியும் ஏறினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண் ஒப்பரேஷன் செய்திருக்கிறார், என்னை நன்றாகப் பார்த்தார். "நானும் காணல்ல தம்பி, அதனாலதானே கேட்டேன்" என்றார். பிறகு தேத்தண்ணி தந்தார். கிளப்பிலும் போய்ச் சொல்லிவிட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. கொட்டாஞ்சேனையில் சொல்லி முடிக்க ஒரு மாதமாவது எடுக்கும், அவ்வளவு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு மட்டும் கோவிலில் நின்று சொன்னேன்.

நீ வா. கை திறந்தால் திறக்கட்டும், திறக்காவிட்டால் சாப்பிட்டுவிட்டு மறுபடி எறிவோம்.

ஒரு விஷயம். பழைய மாதிரி நீ சொல்லி நான் எழுதுவது, நான் சொல்லி நீ எழுதுவது எல்லாம் இனி கிடையாதாம். அனுஷியா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ரெண்டு கள்ளனுக்கும் ஒரு மார்க்கர் வேணும்" என்று கொப்பியைத் தானே வாங்கி வைத்திருக்கிறாள். போர்ட்டுக்குப் பக்கத்தில் அவள்தான் நிற்பாளாம். அவள் வாயால் எண்ணைச் சொல்லும்வரை எவனும் டார்ட்டில் கை வைக்கக்கூடாதாம்.

திலக்ஷன்

*

ஜேர்மனி
11 ஜனவரி 2026

மச்சான், அனுஷியா,

இடம் இல்லாத தபால் அட்டை, சுருக்கமாக எழுதுகிறேன். இன்று நான்காம் நாள், கடைசி ஆட்டம். வென்றவனுக்குக் கார்ட். ஐந்துக்கு ஐந்து. எனக்கு முப்பத்திரண்டு மிச்சம்.

முதல் டார்ட்டில் விரல் சிக்கியது. கையை இறக்கினேன். போன மாதம் உன் பின்னறையில் நின்றதுபோல் நின்றேன். எண்ணை வாய்விட்டுச் சொன்னேன், தமிழில் சொன்னேன், பக்கத்துப் போர்ட்டில் நின்றவன் திரும்பிப் பார்த்தான். எறிந்தேன்.

எதிராளி கை கொடுக்க வந்தான். நான் கொடுக்கவில்லை. போர்ட்டுக்கும் போகவில்லை. எனக்கு உள்ளே என்றுதான் தெரிந்தது, ஆனால் எனக்குத் தெரிந்தது முக்கியமில்லை. கோட்டிலேயே நின்றேன். மார்க்கர் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். அன்றைக்கு ஹஸன் நானாவுக்குக் கிடைக்காத நேரத்தை இவர் எடுத்தார்.

பிறகு அவர், "டபிள் சிக்ஸ்டீன்" என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் போய்ப் பிடுங்கினேன்.

கிஷாந்த்